கணவர் இல்லாமல் ஒரு கடிதத்தைக்கூடப் பிரிப்பதில்லை

கேள்வி:

எனக்கு 32 வயது. எம்.எஸ்சி., பி.எட். முடித்து, திருச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆறு ஆண்டுகள் கணித ஆசிரியையாக இருந்தேன். கணவர் ஜெர்மனியில், ஷ்டுட்கார்ட் அருகே மென்பொருள் பொறியாளர். ப்ளூ கார்டு எனப்படும் வேலை, குடியிருப்பு அனுமதி வைத்திருக்கிறார். நானும் மகளும் இங்கே வந்து ஒன்றரை ஆண்டாகிறது. மகளுக்கு இரண்டே முக்கால் வயது. ஜெர்மன் மொழி வகுப்பில் ஏ1 என்ற முதல் நிலையை முடித்தேன். அடுத்த நிலையான ஏ2 நடக்கும்போது குழந்தைக்கு மாறி மாறிக் காய்ச்சல் வந்ததால் நின்றுவிட்டேன்.

வீட்டுக்கு வரும் கடிதங்களை அவர்தான் பிரிக்கிறார். டாக்டர், வங்கி, வீட்டு உரிமையாளர் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவரும் அவர்தான். என்னைக் குறை சொன்னதே இல்லை. "நான் இருக்கிறேன், நீ எதற்குக் கவலைப்படுகிறாய்?" என்பார். ஒருநாள் தனியாக பேக்கரிக்குப் போனேன். அங்கிருந்த பெண் ஏதோ கேட்டார், புரியவில்லை. பின்னால் வரிசை நின்றது. ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டேன். இன்னொரு நாள் கீழ்வீட்டுப் பாட்டி எங்கள் வாசலில் தொங்கிய ஒரு பலகையைக் காட்டிச் சத்தம் போட்டார். அதிலிருந்து படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டால், அது அடங்கும் வரை நான் வெளியே வருவதில்லை.

அம்மா, "நீ கொடுத்து வைத்தவள்" என்கிறார். ஐம்பது பிள்ளைகள் இருந்த வகுப்பை ஒரு பார்வையில் அமைதியாக்கியவள் நான். இப்போது பகல் நேரத்தில் காரணமில்லாமல் அழுகிறேன். மகளை அழைத்துக்கொண்டு ஊருக்கே போய்விடலாமா? அது கோழைத்தனமா?

— ஒரு வாசகி, ஜெர்மனி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

காரணமில்லாமல் அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒன்றரை ஆண்டாக இந்த நாட்டில் உங்கள் கையால் ஒரு காரியமும் நடக்கவில்லை. வருகிற கடிதம், போகிற பணம், குழந்தையின் ஊசி, வீட்டு வாடகை எல்லாம் இன்னொருவர் வழியாகவே நடக்கின்றன. அவர் அன்பானவராக இருப்பதால் இதைக் குறையென்று சொல்லவும் உங்களுக்கு வாய் வரவில்லை.

இது உங்கள் சுபாவத்தில் வந்த கோளாறு என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 1960களிலிருந்து கேரளத்து இளம்பெண்கள் பலர் கத்தோலிக்கத் திருச்சபையின் ஏற்பாட்டில் மேற்கு ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்கு வந்தார்கள். பிறகு ஊருக்குப் போய்த் திருமணம் செய்துகொண்டு கணவர்களை அழைத்து வந்தார்கள். அந்தக் கணவர்களுக்குப் பல ஆண்டுகள் வேலை அனுமதி கிடைக்கவில்லை. ஊரில் பட்டம் பெற்றவர்கள், நாலு பேர் மதிக்க இருந்தவர்கள், இங்கே குழந்தையைப் பார்த்துக்கொண்டு, மனைவி வீடு திரும்பும் நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் உங்களைப் போலவே சுருங்கினார்கள். இன்னொருவரின் விசாவை நம்பி வந்து வீட்டுக்குள் இருப்பவர் ஆணானாலும் பெண்ணானாலும், எவ்வளவு படித்தவரானாலும், இந்த நிலைக்கு வருவதைப் புலம்பெயர்ந்த குடும்பங்களோடு வேலை செய்யும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஆகவே, "மொழி நன்றாக வரட்டும், தைரியம் வரட்டும், அப்புறம் வெளியே போகிறேன்" என்று காத்திருக்க வேண்டாம். முதலில் உங்கள் காரியங்கள் உங்கள் கைக்கு வர வேண்டும். தைரியம் அதற்குப் பின்னால்தான் வரும்.

எங்கே தொடங்குவது? உங்கள் மகளிடமிருந்து தொடங்கலாம். இங்கே பிறந்த குழந்தைகளுக்கு மருத்துவமனையிலேயே ஒரு மஞ்சள் நிறப் புத்தகம் கொடுப்பார்கள். உங்கள் மகளுக்கும் குழந்தை மருத்துவர் ஒன்று கொடுத்திருப்பார். அதில் யு1 முதல் யு9 வரை பரிசோதனைகளுக்கான பக்கங்கள் இருக்கும். யு7ஏ என்ற பரிசோதனை 34 முதல் 36 மாதத்துக்குள் செய்ய வேண்டியது. உங்கள் மகளுக்கு அதற்கான வேளை வந்துவிட்டது. அந்த அப்பாயின்ட்மென்ட்டை நீங்கள் வாங்குங்கள். தொலைபேசியில் முயல வேண்டாம். முகம் தெரியாமல் பேசுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். காலையில் குழந்தையோடு மருத்துவமனைக்கு நடந்து போய், வரவேற்பு மேசையில் மஞ்சள் புத்தகத்தை அந்தப் பக்கத்தில் விரித்து வைத்து, "யு7ஏ, அப்பாயின்ட்மென்ட் வேண்டும்" என்று ஜெர்மனில் சொல்லுங்கள். ஏ1 படித்தவருக்கு அந்த வாக்கியம் தெரியும். அவர்கள் தேதியையும் நேரத்தையும் ஒரு சிறு சீட்டில் எழுதித் தருவார்கள். வேகமாகப் பேசினால், எழுதித் தரச் சொல்லுங்கள்.

பரிசோதனைக்கும் நீங்களே போங்கள். மருத்துவர் குழந்தையின் பேச்சு, பார்வை, நடை ஆகியவற்றைப் பார்ப்பார். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்டால் தமிழ் என்று தயங்காமல் சொல்லுங்கள். இரண்டு மொழியில் வளர்வதால் குழந்தைக்குக் குழப்பம் வராது. பாதி தெரிந்த ஜெர்மனில் மகளோடு பேசுவதைவிட, முழுதாகத் தெரிந்த தமிழில் கதை சொல்வதுதான் அவளுக்கு நல்லது. அந்த அறையில் உங்கள் மகளைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். எப்போது தூங்குவாள், எதைச் சாப்பிட மாட்டாள், எந்தச் சொல்லை எப்போது பேசினாள் என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். உங்கள் கணவர் அலுவலகத்திலிருந்து ஓடி வந்து இதையெல்லாம் உங்களிடம் கேட்டுத்தான் மருத்துவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்தது பணமும் கடிதமும். உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை. இல்லையென்றால் தொடங்குங்கள். இங்கே சட்டப்படி வசிக்கும் எவருக்கும் 2016 முதல் அடிப்படை வங்கிக் கணக்கு பெறும் உரிமை உண்டு. குழந்தைக்காக அரசு மாதந்தோறும் தரும் கிண்டர்கெல்ட் உதவித்தொகை 2025 ஆம் ஆண்டில் 255 யூரோ. பெற்றோர் இருவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அதைத் தாயின் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். தொகை பெரிதா சிறிதா என்பது இங்கே கேள்வியில்லை. உங்கள் பெயருக்கு ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வரும்; அதை நீங்கள் பிரிப்பீர்கள். அகராதியையோ செல்போன் மொழிபெயர்ப்பையோ வைத்துக்கொண்டு முதல் கடிதத்தைப் படிக்க ஒரு மணி நேரம் ஆகலாம். ஜெர்மன் அரசுக் கடிதங்களில் வருவது திரும்பத் திரும்ப அதே சொற்கள்தான். சில மாதங்களில் பழகிவிடும். உங்கள் கணவர் முடிவில் சரிபார்க்கட்டும். முதலில் பிரிப்பது நீங்களாக இருக்க வேண்டும்.

கீழ்வீட்டுப் பாட்டிக்கு வருகிறேன். அந்தப் பலகை என்னவென்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று தெரிகிறது. ஷ்டுட்கார்ட் இருக்கும் ஸ்வாபியப் பகுதியில் 'கேர்வோகெ' என்றொரு வழக்கம் உண்டு. அடுக்குமாடி வீட்டில் குடியிருப்போர் முறை வைத்துப் படிக்கட்டைக் கூட்டித் துடைக்க வேண்டும். யாருடைய வாரமோ அவர்கள் வாசலில் அந்தப் பலகை தொங்கும். வாரக் கடைசியில் வேலையை முடித்து, பலகையை அடுத்த வீட்டு வாசலில் மாட்டிவிட வேண்டும். பெரிய முறை என்று இன்னொன்றும் இருக்கும். அதில் முற்றம், நிலவறை, குப்பைத்தொட்டி வைக்கும் இடம், குளிர்காலமானால் வாசல் பனி எல்லாம் சேரும். பல வாடகை ஒப்பந்தங்களிலேயே இது எழுதப்பட்டிருக்கும். வடக்கு ஜெர்மனியிலிருந்து இங்கே குடிவரும் ஜெர்மானியர்களும் இந்தப் பலகையால் பேச்சு வாங்கியிருக்கிறார்கள்.

பாட்டி கத்தியது சரி என்று நான் சொல்லவில்லை. புதிதாக வந்தவருக்குப் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவருடைய கோபம் பெரும்பாலும் துடைக்காத படிக்கட்டைப் பற்றியதாகத்தான் இருக்கும். இந்த முறை பலகை உங்கள் வாசலுக்கு வந்தவுடன், வெள்ளிக்கிழமை மாலையோ சனிக்கிழமை காலையோ அவருடைய கதவைத் தட்டுங்கள். வாளியையும் துணியையும் காட்டி, "எனக்குத் தெரியாது, காட்டிக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். இந்தப் பகுதியின் வயதானவர்களிடம் வேலை கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டால் முகம் மலர்ந்துவிடும். அப்புறம் பலகை கைமாறும்போதெல்லாம் உங்களுக்கு ஒருவரோடு பேச ஒரு முகாந்திரம் கிடைக்கும். மொழி வகுப்புக்கு வெளியே, தவறாமல் வருகிற இப்படியொரு வாய்ப்பு வேறெங்கும் எளிதில் அமையாது.

உண்மையான இனவெறுப்பும் இங்கே உண்டு. அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். உங்கள் நிறத்தையோ நாட்டையோ சொல்லி வீடு தர மறுத்தாலோ, வேலையில் ஒதுக்கினாலோ, அதைப் பழகிக்கொள்ள வேண்டியதில்லை. 2006 முதல் சம நடத்தைச் சட்டம் இருக்கிறது. அதே ஆண்டு தொடங்கிய பாகுபாடு எதிர்ப்பு அலுவலகத்தில் இலவசமாக ஆலோசனை பெறலாம். இழப்பீடு கோருவதற்குப் பொதுவாக இரண்டு மாதக் கெடுதான். எனவே நடந்த தேதி, இடம், சொன்ன சொல், உடனிருந்தவர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கரி விஷயம் மிகச் சிறியது, ஆனால் அது உங்களை எவ்வளவு பாதித்திருக்கிறது என்பது புரிகிறது. நீங்கள் ஆசிரியை. தேற்றத்தை வரி பிசகாமல் ஒப்பிக்கும் மாணவன், அதே தேற்றத்தில் கணக்குக் கொடுத்தால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்! அவனை முட்டாள் என்று நீங்கள் முடிவு கட்டியிருக்க மாட்டீர்கள். இன்னும் பத்துக் கணக்குக் கொடுத்திருப்பீர்கள். வகுப்பில் நீங்கள் படித்தது புத்தக ஜெர்மன், பேக்கரியில் கேட்டது ஸ்வாபியப் பேச்சு வழக்கு. பேக்கரியில் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு மூன்றுதான்: வேறு ஏதாவது வேண்டுமா, ரொட்டியை வெட்டித் தர வேண்டுமா, இங்கே சாப்பிடுகிறீர்களா எடுத்துச் செல்கிறீர்களா. கூட்டமில்லாத பிற்பகல் மூன்று மணிக்கு அதே கடைக்குப் போங்கள். ஒரே கடைக்கு, ஒரே நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்தால் அந்தப் பெண் உங்கள் முகத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வார்.

வகுப்பைத் தொடருங்கள். குடியேறியவர்களுக்கான ஒருங்கிணைப்பு வகுப்பு 600 பாட நேரம் மொழியும் 100 பாட நேரம் நாட்டு அறிமுகமுமாகச் சேர்ந்தது. ஏ2க்கு அடுத்த நிலையான பி1 வரை கொண்டுபோகும். அதில் சேர அனுமதி கிடைக்குமா என்று உங்கள் ஊர் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே, அதாவது முதியோர் கல்வி நிலையத்தில் கேளுங்கள். இடம் கிடைக்கத் தாமதமானால் அதே நிலையங்களின் இணையப் பாடங்கள் இலவசம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து நின்றது தோல்வி ஆகாது. முதல் குளிர்காலத்தில் சின்னக் குழந்தைகளுக்கு இங்கே ஓயாமல் சளியும் காய்ச்சலும் வரும். இப்படி நின்று தொடர்ந்தவர்கள் ஏராளம்.

வேலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கடிதம் முழுவதும் அந்த ஏக்கம்தான் இருக்கிறது. உள்ளதைச் சொல்கிறேன். ஜெர்மனியின் 16 மாநிலங்களும் தத்தம் பள்ளிகளுக்கான விதியைத் தாமே வகுக்கின்றன. பெரும்பாலும் ஆசிரியர் இரண்டு பாடங்கள் கற்பிக்கத் தகுதி பெற்றிருக்க வேண்டும். மொழியில் சி1, சி2 என்ற மிக உயர்ந்த நிலைகளைக் கேட்பார்கள். கணிதம் மட்டும் படித்த உங்களுக்கு அரசுப் பள்ளி நிரந்தர ஆசிரியை வேலை நீண்ட பாதைதான். அதை எட்டவே முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் மனம் சோர்ந்துவிடும். 2026 ஆகஸ்ட் முதல், முதல் வகுப்பில் தொடங்கி, தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு முழுநாள் பராமரிப்பு சட்டப்படியான உரிமையாகிறது. அதற்குப் பிற்பகல் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, வீட்டுப்பாடத்துக்கு உதவ ஆட்கள் தேவை. கிண்டர்கார்டன்களில் ஆசிரியர் பற்றாக்குறை இருக்கிறது. சம்பளத்தோடு பயிற்சி தரும் மூன்றாண்டுப் படிப்பும் உங்கள் மாநிலத்தில் உண்டு. இங்கே கணித டியூஷனுக்கு எப்போதும் கிராக்கி. எண்களுக்கு ஸ்வாபிய வழக்கு தேவையில்லை. பி1 வந்ததும் ஒரு மாணவனை வைத்துத் தொடங்கலாம். உங்கள் குடியிருப்பு அட்டையை எடுத்துப் பாருங்கள், வேலை செய்ய அனுமதி உண்டு என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். இதில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை கரிட்டாஸ், டியாகோனி ஆகிய திருச்சபைத் தொண்டு அமைப்புகள், செஞ்சிலுவைச் சங்கம் போன்றவை நடத்தும் புலம்பெயர்ந்தோர் ஆலோசனை மையத்தில் உட்கார்ந்து பேசுங்கள். கட்டணம் கிடையாது. கணவரை அழைத்துப் போக வேண்டாம்.

அதுவரை? ஆசிரியையாக இருக்க நீங்கள் நாளையே தொடங்கலாம். ஈழத் தமிழர்கள் ஜெர்மனி முழுவதும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் நடத்துகிறார்கள். ஷ்டுட்கார்ட் வட்டாரத்திலும் அவை உண்டு. வகுப்பை அடக்கத் தெரிந்த ஓர் ஆசிரியையை எந்தப் பள்ளியும் திருப்பி அனுப்பாது. இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்த குடும்பங்களும் ஈழத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களும் இங்கே அதிகம் கலப்பதில்லை. அது வருத்தத்துக்குரியது. 1983 கலவரத்துக்குப் பின் வந்த அந்தப் பெண்களுக்கு இன்றைய வகுப்புகள் எதுவும் கிடையாது. ஒருங்கிணைப்பு வகுப்பு என்ற ஏற்பாடே 2005 இல்தான் சட்டமானது. உணவகச் சமையலறையிலும், அலுவலகம் துடைக்கும் வேலையிலும், பிள்ளைகளின் பள்ளிக் கூட்டங்களிலும் அவர்கள் ஜெர்மன் கற்றார்கள். ஹாம் நகரில் 2002 இல் குடமுழுக்கு நடந்த, ஈழத் தமிழர்களின் காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த் திருவிழாவைக் காண ஜெர்மானியர்களும் திரண்டு வருகிறார்கள். எந்த மருத்துவர் பொறுமையாகப் பேசுவார், எந்த அலுவலகத்துக்கு எந்தக் காகிதம் கொண்டுபோக வேண்டும் என்பதெல்லாம் அந்த அக்காமாருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஆனால் தமிழர்களோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். 1980களின் தொடக்கத்தில் ம்யூனிக், டார்ம்ஷ்டாட், சால்ஸ்கிட்டர் ஆகிய ஊர்களில் தாய்மார் தாங்களே நடத்தும் மையங்கள் தொடங்கின. இன்று உங்கள் மாநிலத்திலும் பல ஊர்களில் இருக்கின்றன. குழந்தையோடு போய் உட்காரலாம், காபி குடிக்கலாம். அங்கே உதவி பெறுபவர், உதவுபவர் என்ற பிரிவு இல்லை. ஒருவர் தையல் சொல்லித் தருவார், ஒருவர் கேக் சுட்டு வருவார். நீங்கள் பெரிய பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரலாம்.

அம்மாவோடு பேசுவதைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் பேச்சைத் தொடங்கினால் வெளியே போக வேண்டிய பொழுது அதிலேயே கரைந்துவிடும். குளிர்காலத்தில் ஊருக்கும் இங்கேயும் நாலரை மணி நேர வித்தியாசம், டிசம்பரில் இங்கே மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. வெளிச்சம் இருக்கும்போது வெளியே போங்கள். மூன்றரை மணிக்கு மேல் அம்மாவை அழைத்தால் அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். அப்போது உண்மையையும் சொல்லுங்கள். உங்கள் மகிழ்ச்சிப் படங்களை மட்டும் பார்ப்பதால்தான் கொடுத்து வைத்தவள் என்கிறார். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டிருந்தாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, குடும்ப மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். 116117 என்ற எண்ணில் மனநல சிகிச்சைக்கான முதல் சந்திப்புக்கு நேரம் வாங்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் உடனே 112ஐ அழையுங்கள்.

கடிதத்தில் எழுதாதது ஏதாவது இருந்தால் அதற்கும் ஒரு வரி. வீட்டில் அடியோ மிரட்டலோ இருந்தால் 116016 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். மொழிபெயர்ப்பாளர் வசதியும் உண்டு. மணவாழ்க்கை முறிந்தாலும், இங்கே மூன்றாண்டு சேர்ந்து வாழ்ந்தவருக்குத் தனியாகக் குடியிருப்பு உரிமை கிடைக்கும். வன்முறை நடந்திருந்தால் அந்த மூன்றாண்டைப் பொறுத்திருக்க வேண்டியதில்லை.

இனி வரும் வரிகளை உங்கள் கணவரிடம் படித்துக் காட்டுங்கள். தம்பி, நீங்கள் எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டது அன்பினால்தான். இப்போது அந்த அன்பை வேறு விதமாகக் காட்ட வேண்டியிருக்கிறது. உங்கள் மனைவி கவுன்ட்டரில் திணறும்போது இடையில் புகுந்து பேசாதீர்கள். கடிதத்தில் ஒரு வரி தப்பாகப் புரிந்துகொண்டால் சிரிக்காதீர்கள். சனிக்கிழமை ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை குழந்தை உங்கள் பொறுப்பு. அந்த நேரத்தில் அவர் எங்கே போகிறார் என்பது அவர் விருப்பம்.

திரும்பிப் போவது கோழைத்தனமா என்று கேட்டீர்கள். இல்லை. ஊரில் வேலையும் வீடும் மனிதர்களும் இருக்கும் ஒரு பெண் அங்கே வாழ விரும்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கணவரோடு உட்கார்ந்து பேசி அப்படி முடிவெடுத்தவர்களும் நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் இருட்டும் குளிருமான மாதத்தில், தனியாக, அழுதுகொண்டே அந்த முடிவை எடுக்காதீர்கள். வரும் கோடை வரை மேலே சொன்னவற்றைச் செய்து பாருங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போய் இருந்து வாருங்கள். அதன் பிறகு இருவருமாகப் பேசுங்கள்.

அதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒரு வயது நிறைந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பகல் பராமரிப்பு இடம் பெற 2013 முதல் சட்ட உரிமை உண்டு. ஆயினும் இடங்கள் போதவில்லை. செப்டம்பரில் தொடங்கும் ஆண்டுக்குப் பல ஊர்களில் வசந்த காலத்துக்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். நகராட்சியின் இணையதளத்தில் கடைசித் தேதி இருக்கும். விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். ஊருக்குப் போவதென்று முடிவானால், இடம் வேண்டாம் என்று பிறகு எழுதிக் கொடுத்துவிடலாம்.